வெப்பத்தின் பதம்

பாகு காய்ச்சுவோர்க்கும் இரும்பு காய்ச்சுவோர்க்கும் பொதுவாய் அமைந்த சொல் ஒன்று தமிழில் உண்டு. 'பதம்' என்பது அச்சொல். சற்று முன்னர் இறக்கிய பாகு நீர்த்துக் கிடக்கும். சற்றுப் பிந்தி இறக்கிய பாகு கருகிப்போகும். உலையிலிட்ட இரும்பும் அத்தகையதே. வெப்பம் குறைந்தால் வளையாது. மிகுந்தால் வலிமை கெடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறு பொழுதையே நம் முன்னோர் பதம் என்றனர். அதனை அறிதற்குக் கண்ணும் கையும் நெடுநாட் பழக்கமுமே அவர்க்குத் துணையாயின. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகத்தின் இரவையே மாற்றியமைத்த நீல ஒளியின் வரலாறும், கூர்ந்து நோக்குமிடத்து, இத்தகைய பதம் ஒன்றைத் தேடிய வரலாறேயாகும். இலங்கையின் கீழ்க்கரை மணலுக்கும் அவ்வரலாற்றோடு ஒருவகை உறவு உண்டு.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள பாலையூற்று, மரத்தையும் நீரையும் தன் பெயரிலே தாங்கிய ஊர். அவ்வூரிலும், அதுபோன்ற எண்ணிறந்த ஊர்களிலும், இன்று வீடுகளிலும் கடைகளிலும் வெண்ணிறமாய் எரியும் விளக்குகளுட் பல 'ஒளிகாலும் இருவாயி' என்னும் வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் எரியும் திரியுமில்லை. சிவந்து கனலும் கம்பியுமில்லை. மணற்பரல் போன்ற சிறு பளிங்கு ஒன்றே உளது. கலியம் என்னும் உலோகமும், நாம் சுவாசிக்கும் காற்றிற் பெரும்பகுதியாகிய நைதரசனும் கூடி அமைந்த அப்பளிங்கிற்குக் கலியம் நைத்திரைட்டு என்று பெயர். மின்னோட்டம் புகுந்தவிடத்து, அதனை அடிப்படையாகக் கொண்டு ஆக்கிய பளிங்கு நீல ஒளியைக் காலும். அந்நீலத்தின் ஒருபகுதியை மஞ்சளொளியாக்கும் பூச்சு ஒன்றை மேலே இடின், இரண்டும் கலந்து வெண்மையாய்த் தோன்றும்.

ஆயின், மின்னோட்டம் பளிங்கினுள் எவ்வழியாற் புகுவது? கம்பி உலோகம், பளிங்கோ குறைகடத்தி. இரண்டும் வெவ்வேறு இயல்பின. துறைமுகத்தை நாளும் காண்போர்க்கு இவ்விடர்ப்பாட்டை விளக்குதல் எளிது. கப்பலிற் சரக்கு நிறைந்திருக்கலாம். கரையிலே பாதை விரிந்து கிடக்கலாம். இரண்டையும் இணைக்கும் இறங்குதுறை செவ்வனே அமையாவிடின் சரக்கு கப்பலிலேயே கிடக்கும். உலோகமும் பளிங்கும் சந்திக்கும் அவ்விடத்தை விஞ்ஞானிகள் 'தொடுகை' என்பர். அத்தொடுகை இருவகைப்படும். சரக்கு தடையின்றி ஏறவும் இறங்கவும் இடந்தரும் துறையைப் போன்றது ஒன்று. நீரை ஒருபுறமாக மட்டும் செல்லவிடும் மதகைப் போன்றது மற்றொன்று. விளக்கிற்கு முன்னது வேண்டும். வேறு பல மின்கருவிகளுக்குப் பின்னதும் வேண்டும். எது வாய்க்கும் என்பதை உலோகத்தின் தன்மையும் பளிங்கின் தூய்மையும் தீர்மானிக்கின்றன. அவற்றோடு, இரண்டையும் சேர்த்துக் காய்ச்சிய வெப்பத்தின் அளவும் பெரும்பங்கு கொள்கின்றது.

இத்தொடுகையின் வரலாறு 1874ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. ஜேர்மனி நாட்டுப் பௌதிக அறிஞராகிய காள் பேடினந்து பிறவுண், ஈயக்கனிமம் முதலிய சில கனிமங்களின்மேல் உலோகக் கம்பியின் முனையை அழுத்தியவிடத்து, மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் செல்வதைக் கண்டார். அதன் காரணத்தை அக்காலத்தில் எவரும் அறிந்திலர். பின்னர்க் கல்கத்தாவிலே ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளை ஆராய்ந்தபோது, அதே ஈயக்கனிமத்தின்மேல் உலோகமுனையைப் பொருத்தி அலைகளை உணரும் கருவியை அமைத்தார். அதற்கு அவர் 1901இல் விண்ணப்பித்த அமெரிக்க உரிமைப்பட்டயம் 1904ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வழங்கப்பெற்றது. குறைகடத்திக் கருவி ஒன்றிற்கு உலகில் முதன்முதல் வழங்கப்பெற்ற உரிமைப்பட்டயங்களுள் அது வைத்தெண்ணப்படுகின்றது.

வானொலியின் இளமைக்காலமும் இத்தொடுகையைச் சார்ந்தே நின்றது. கொழும்பிலே 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒலிபரப்புத் தொடங்கிய அக்காலத்தில், உலகின் பல பகுதிகளிலும் எளியோர் பயன்படுத்திய வானொலிப்பெட்டி பளிங்குப் பெட்டியே. காதிற் குழல் மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பியின் முனையால் பளிங்கின் மேற்பரப்பைத் தடவித் தடவி, குரல் கேட்கும் புள்ளியைத் தேடுவர். புள்ளி கிட்டியபின் மேசை சற்று அதிர்ந்தாலும் குரல் மறையும். இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டிருந்தனவேயன்றி ஒன்றியிருக்கவில்லை. தொட்டதை ஒன்றச்செய்யும் வழி அப்பொழுது பலர்க்கும் புலப்படவில்லை.

1907ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டினரான ஹென்றி றவுண்டு என்பார், காபொரண்டம் என்னும் செயற்கைப் பளிங்கின்மேல் உலோகமுனையை வைத்து மின்னைச் செலுத்தியபோது, தொட்ட இடத்தில் மங்கிய ஒளி தோன்றக் கண்டு சிறு குறிப்பொன்று எழுதினார். 1920களில் உருசிய நாட்டு இளைஞராகிய ஒலெக் லோசெவ் அவ்வொளியை முறையாக ஆராய்ந்தார். 1942இல், லெனின்கிறாட்டு நகர் முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில், அவர் பட்டினியால் உயிர்நீத்தார். அவருடைய ஆராய்ச்சியும் பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. இதற்கிடையே 1938ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே வால்ற்றர் ஷொட்கியும் இங்கிலாந்திலே நெவில் மொட்டும், உலோகமும் குறைகடத்தியும் சந்திக்கும் எல்லையில் மின்துகள்களைத் தடுக்கும் மேடு ஒன்று எழுகின்றது என்று விளக்கினர். அன்றுமுதல் தொடுகை என்பது மேடு பற்றிய கணக்காயிற்று. மேட்டைத் தாழ்த்தவோ மெலிக்கவோ வல்லார்க்கு வழி திறக்கும். அதனை உயர்த்தி நிறுத்த வல்லார்க்கு மதகு வாய்க்கும்.

கலியம் நைத்திரைட்டு அறிஞர்களை நெடுங்காலம் அலைக்கழித்த பளிங்கு. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. என்னும் வானொலி நிறுவனம் சுவரிலே படம்போல மாட்டத்தக்க தொலைக்காட்சியை ஆக்க விரும்பியது. அதற்குச் சிவப்பும் பச்சையும் கிட்டின, நீலம் கிட்டவில்லை. அந்நிறுவனத்தைச் சேர்ந்த மருஸ்கா, ரீற்ஜென் என்னும் இருவர் 1969இல் அப்பளிங்கின் மென்படலத்தை வளர்த்தனர். 1971இல் ஜாக் பான்கோவ் அதனின்று ஒளி எழச்செய்தார். ஆயினும் அவ்வொளி பயன்பாட்டிற்குப் போதாத அளவு மங்கியதாயிருந்தது. நல்ல விளக்கிற்கு இலத்திரன்கள் மிகுந்த மறைவகைப் படலமும், இலத்திரன்கள் குறைந்த நேர்வகைப் படலமும் அடுத்தடுத்து அமைதல் வேண்டும். கலியம் நைத்திரைட்டில் நேர்வகை எவர்க்கும் கைகூடவில்லை. 1970களின் நடுப்பகுதியில் அந்நிறுவனம் முயற்சியைக் கைவிட்டது. பலரும் வேறு பளிங்குகளை நாடிச் சென்றனர்.

கைவிடாதவர் சிலர் யப்பானில் இருந்தனர். நாகோயாப் பல்கலைக்கழகத்திலே இசாமு அக்கசாக்கி என்னும் பேராசிரியரும், ஹிரோஷி அமானோ என்னும் மாணவரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவைகள் பளிங்கை வளர்த்துப் பார்த்தனர். ஒவ்வொரு முறையும் வெடிப்பும் கரடுமே எஞ்சின. 1985ஆம் ஆண்டில் ஒருநாள் பழைய உலை தன் வழக்கமான உயர்ந்த வெப்பநிலையை எட்டமாட்டாது தளர்ந்தது. அத்தருணத்தில் அமானோ, தாழ்ந்த வெப்பத்திலேயே அலுமினியம் நைத்திரைட்டின் மெல்லிய படலம் ஒன்றை முதலில் இட்டு, அதன்மேற் கலியம் நைத்திரைட்டை வளர்த்தார். உலையினின்று எடுத்த பளிங்கு கண்ணாடிபோல் ஒளிவிட்டது. மிகுந்த வெப்பத்தால் ஆகாதது குறைந்த வெப்பத்தால் ஆயிற்று. அது பதத்தின் முதற்பாடம்.

நேர்வகைப் படலமோ இன்னும் எஞ்சியிருந்தது. மகனீசியத்தைச் சேர்த்த பளிங்கின்மேல் இலத்திரன் கற்றையைப் பாய்ச்சியவிடத்து அது நேர்வகையாவதை அக்கசாக்கியும் அமானோவும் 1989இல் வெளியிட்டனர். இது ஏன் நிகழ்ந்தது என்பது தெளிவாகவில்லை. அதனைத் தெளிவித்தவர் சிக்கோக்குத் தீவிலே நிச்சியா என்னும் சிறிய நிறுவனத்தில் வேலைபார்த்த ஷூஜி நக்கமுரா. 1992ஆம் ஆண்டில் அவர் இலத்திரன் கற்றையை நாடாது, பளிங்கை நைதரசன் சூழலில் 700 பாகை செல்சியசுக்கு மேற் காய்ச்சினார். ஏறத்தாழ பத்து இலட்சம் அளவினதாயிருந்த அதன் தடை இரண்டாகக் குறைந்தது. அதே பளிங்கை அமோனியாச் சூழலில் 600 பாகைக்கு மேற் காய்ச்சியவிடத்துத் தடை மீண்டும் பழைய உயரத்துக்கு ஏறியது. அமோனியாவில் ஐதரசன் உண்டு. நைதரசன் வாயுவில் இல்லை. ஆகவே, வளரும்போதே பளிங்கினுட் புகுந்த ஐதரசன்தான் மகனீசியத்தைப் பற்றிக்கொண்டு அதன் தொழிலைத் தடுத்தது என்பதும், தக்க சூழலில் இட்ட வெப்பம் அதனை வெளியேற்றியது என்பதும் விளங்கின. வெப்பத்தின் அளவு மட்டுமன்று, அது எக்காற்றின் நடுவே இடப்படுகின்றது என்பதும் பதத்தைச் சேர்ந்ததே. அது இரண்டாம் பாடம்.

பளிங்கு கைவந்தபின் தொடுகையின் முறை வந்தது. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்து ஆய்வாளர், மறைவகைக் கலியம் நைத்திரைட்டின்மேல் முதலில் தைத்தேனியமும் அதன்மேல் அலுமினியமுமாக மெல்லிய படலங்களை இட்டனர். பின்பு நைதரசன் சூழலிலே 900 பாகையில் 30 செக்கன் மட்டும் காய்ச்சினர். ஒரு சதுர சதமமீற்றர் பரப்புடைய தொடுகைக்கு ஓர் ஓமின் பத்து இலட்சத்தில் எட்டுக் கூறு என்னும் அளவிற்குத் தடை தாழ்ந்தது. அந்த அரைநிமிடத்தில் நிகழ்வது யாது? தைத்தேனியத்திற்கு நைதரசன்மேல் பெருவிருப்பு. வெப்பம் ஏறியவுடன் அது பளிங்கின் மேற்பரப்பிலுள்ள நைதரசனை ஈர்த்துத் தைத்தேனியம் நைத்திரைட்டாக மாறுகின்றது. நைதரசன் நீங்கிய இடங்கள் பளிங்கினுள் வெற்றிடங்களாய் எஞ்சி, இலத்திரன்களை வழங்குகின்றன. அதனால் ஷொட்கி கூறிய மேடு மிக மெலிந்து, இலத்திரன்கள் அதனை ஊடுருவிச் செல்கின்றன. துறையிலே பலகை இட்டாற்போல வழி திறக்கின்றது.

அந்த அரைநிமிடம் நீளின் என்னாகும்? அலுமினியம் 660 பாகையிலேயே உருகுவது. அது திரண்டு புடைத்து, வரம்புகடந்து பக்கங்களிற் பரவும். கண்ணாடிபோல் இருந்த பரப்புக் கரடாகும். நைதரசன் வேண்டிய அளவினும் மிகுதியாக வெளியேறின், பளிங்கே சிதைவுறும். ஆகவே அலுமினியத்தின்மேல் நிக்கலும் அதன்மேற் பொன்னுமாக மேலும் இரு படலங்களை இடும் வழக்கம் பிறந்தது. பொன் மேற்பரப்பைத் துருவினின்று காக்கும். நிக்கல் பொன்னும் அலுமினியமும் ஒன்றோடொன்று கலவாதவாறு இடைநின்று தடுக்கும். ஒரு தலைமயிரின் பருமனிற் பன்னூற்றில் ஒரு கூறேயாகிய படலங்களுக்குள் இத்தனை ஏற்பாடு அமைந்துள்ளது.

நேர்வகைப் பக்கத்தின் கதையோ முற்றும் வேறு. அங்கே நிக்கலும் பொன்னும் வேண்டும். 1999ஆம் ஆண்டில் தாய்வானின் கைத்தொழில் தொழினுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார், அவ்விரு படலங்களையும் 500 பாகையிற் சாதாரண காற்றிலே காய்ச்சி, ஓமின் பத்து இலட்சத்தில் நான்கு கூறு என்னும் தடையைப் பெற்றனர். மறைவகைத் தொடுகைக்குப் பகையாகிய ஒட்சிசன் இங்கே நட்பாயிற்று. நிக்கல் ஒட்சிசனோடு கூடி ஒளிபுகும் ஒட்சைட்டாகியது. பொன் கீழிறங்கிப் பளிங்கைத் தொட்டது. ஒளியை மறைத்த உலோகப்படலமே ஒளிக்கு வழிவிடும் பலகணியாயிற்று. இதன் உட்காரணம் குறித்து அறிஞரிடையே பல்லாண்டுகள் வாதம் நிகழ்ந்தது. பயனோ உடனே கைக்கு வந்தது. ஒரே பளிங்கின் இருபுறத்துக்கும் இருவேறு பதம் என்பதே இதனாற் பெறப்படும் மூன்றாம் பாடம்.

இவ்வாராய்ச்சி மேலைநாட்டுக்கும் தூரகிழக்கிற்கும் மட்டும் உரியதாய் நின்றுவிடவில்லை. சென்னையிலே அண்ணா பல்கலைக்கழகத்தின் பளிங்கு வளர்ச்சி நிலையத்தினர் கலியம் நைத்திரைட்டை வளர்ப்பதில் ஈடுபட்டனர். திருப்பதியிலே ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்துப் பௌதிகத் துறையில் வி. ராஜகோபால் ரெட்டியும் அவர்தம் மாணவரும், மதகுபோன்ற ஒருவழித் தொடுகைகளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்தனர். பிளாற்றினம், பல்லேடியம், ருதேனியம் முதலிய உலோகங்களைக் கலியம் நைத்திரைட்டின்மேல் இட்டு, ஒவ்வொரு மாதிரியையும் ஒவ்வொரு வெப்பநிலையிற் சிறுபொழுது காய்ச்சி, மேட்டின் உயரத்தை அளந்து, எல்லையில் எப்புதுச் சேர்வைகள் உண்டாயின என எக்ஸ் கதிரால் நோக்கி, நிரல்படுத்துவதே அவர்தம் பணி. இத்தகைய சோதனைகளிற் பன்முறை காணப்படுவது ஒன்று உண்டு. வெப்பம் ஏற ஏறத் தொடுகை ஓர் எல்லைவரை செம்மையுறும். அவ்வெல்லையைக் கடந்தபின் கெடத் தொடங்கும். உலோகத்துக்கு உலோகம் அவ்வெல்லை மாறும். ஆகையால் பிறர் கண்ட பதம் நமக்கு உதவாது. ஒவ்வொன்றையும் காய்ச்சியே காணல் வேண்டும். பொறுமை மிக்க இப்பணிக்குப் பெரும்புகழ் கிட்டுவதில்லை. ஆயினும் மின்னேற்றிகளிலும் செய்தித்தொடர்பு நிலையங்களிலும் ராடார்க் கருவிகளிலும் இன்று இயங்கும் கலியம் நைத்திரைட்டுக் கருவிகள் இத்தகைய பணியின்மீதே நிற்கின்றன.

1993ஆம் ஆண்டின் இறுதியிலே நிச்சியா நிறுவனம் ஒளிமிக்க நீல விளக்கை அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளுள் வெள்ளொளி விளக்கும் வெளிவந்தது. 2014ஆம் ஆண்டிற்கான பௌதிக நோபெல் பரிசு அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவர்க்கும் வழங்கப்பெற்றது.

இனிக் கீழ்க்கரை மணலுக்கு வருவோம். தொடுகையிலே நைதரசனைக் கவர்ந்து வழிதிறக்கும் தைத்தேனியம் முதன்முதற் கண்டறியப்பட்டதும் மணலிலேதான். 1791ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிலே வில்லியம் கிறெகர் என்னும் பாதிரியார், ஓடைக்கரையிற் கிடந்த கருமணலை ஆராய்ந்து, அதனுள் அறியப்படாத உலோகம் ஒன்று மறைந்துள்ளதென உரைத்தார். அவ்வகைக் கருமணல் திருகோணமலைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புல்மோட்டைக் கடற்கரையிற் பெருவாரியாக உளது. இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் என்னும் கனிமங்கள் அதிற் செறிந்துள்ளன. முன்னைய இரண்டும் தைத்தேனியம் தருவன. அதனை அகழ்ந்து பிரித்தற்கென 1957இல் இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பெற்றது. அன்றுதொட்டு அம்மணலிற் பெரும்பகுதி மணலாகவே கப்பலேறி வேற்றுநாடு சென்றுள்ளது. வேற்றுநாட்டு உலைகளிலே அது வெண்பூச்சுப் பொடியாகவும் உலோகமாகவும் மாறுகின்றது. மணலுக்கும் அம்மணலினின்று ஆகும் பொருளுக்கும் விலையிலுள்ள வேற்றுமை, பெரும்பாலும் வெப்பத்தைப் பதமறிந்து இடும் அறிவின் விலையே.

அவ்வறிவு இந்நாட்டிற்குப் புதியதோ எனின், அன்று. பலாங்கொடைப் பக்கத்திலே சமனலவெவ மலைச்சரிவுகளில், காற்றால் இயங்கிய பழைய இரும்புலைகளின் எச்சங்களை ஜில் யூலெப் என்னும் ஆய்வாளர் கண்டறிந்து 1996இல் வெளியிட்டார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, துருத்தியை நம்பாது, மேற்கினின்று வீசும் பருவக்காற்றையே உலைமுகத்தில் ஏற்று, அம்மக்கள் இரும்பை உருக்கினர். அவ்வமைப்பைப் போன்ற உலையை மீண்டும் கட்டிக் காற்றிலே காய்ச்சியபோது தரமிக்க உருக்குக் கிடைத்தது. காற்றின் வேகத்தையும் நெருப்பின் நிறத்தையும் கொண்டே அவர்கள் பதமறிந்தனர். தமிழகத்துக் கொடுமணலிலும் பண்டை இரும்புத்தொழிலின் சான்றுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கையிலிருந்த கலை இடைக்காலத்தே கைநழுவியது. மண் மட்டும் எஞ்சியது.

நழுவியதை மீட்பதற்கு வழி இல்லாமலில்லை. திருகோணமலையினின்று புல்மோட்டைக்குச் செல்லும் வழியிலேயே, கோணேசபுரியிற் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்துள்ளது. பிரயோக விஞ்ஞானம் அங்கே கற்பிக்கப்படுகின்றது. சிறிய உலை ஒன்றும், தூய நைதரசனும், செம்மையான வெப்பமானியும், அளந்ததை அளந்தவாறே எழுதிவைக்கும் மனமும் இருப்பின், உலோகமும் பளிங்கும் கூடும் எல்லையை ஆராயத் தொடங்குதல் இயலும். முழு விளக்கை இங்கு ஆக்குதல் பெருமுதல் வேண்டும் செயல். அரைநிமிட வெப்பத்தில் என்ன நிகழ்கின்றது என்பதைக் கற்றறிதலோ அத்துணைப் பெருமுதலை வேண்டுவதன்று. நாகோயாவில் இருந்ததும் தளர்ந்த பழைய உலையேயன்றோ!

பள்ளிச் சிறுவன் ஒருவன் இரவிலே தன் நூலை விரித்து வைத்துப் படிக்கும் வெள்ளொளியில், பிறவுணின் வியப்பும் போசின் நுட்பமும் லோசெவின் பசியும் நாகோயாவின் பொறுமையும் கலந்திருக்கின்றன. அவன் ஊருக்கு வடக்கேயுள்ள கரையினின்று மணல் கப்பலேறுகின்றது. அவன் மேசைமேல் விளக்கு வேற்றுநாட்டினின்று வந்து எரிகின்றது. இவ்விரு பயணங்களுக்கும் இடையே நிற்பது பதமறியும் கல்வி ஒன்றே. அக்கல்வியை அவனுக்கு அளிப்போர், மணலின் விலையையும் அந்நாட்டின் நிலையையும் ஒருங்கே உயர்த்தியோராவர்.